அஸர் பாங்கு ஏன் ஊருக்கு ஊர் மாறுது? 1,200 ஆண்டுகளுக்கு முன் விடை சொன்ன இமாம் ஷாஃபியின் கதை

காஸாவில் பிறந்து, சங்கிலியோடு கலீஃபா முன் நிறுத்தப்பட்டு, எகிப்தில் மறைந்த ஒரு சட்ட அறிஞர். அவர் வகுத்த விதிகள் இன்றைக்கும் சேலம், நாமக்கல் பள்ளிவாசல்களில் பேசப்படுவது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

நாமக்கல்லில் இருந்து முட்டை லோடு ஏற்றிக்கொண்டு தினமும் கேரளாவுக்கு லாரிகள் போகின்றன. அந்த லாரியை ஓட்டுபவர் ஒரு முஸ்லிம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதத்தில் அவர் சொந்த ஊரில் அஸர் தொழுகை நேரம் தொடங்குவது மாலை சுமார் நாலரை மணிக்கு. ஆனால் வாளையாரைத் தாண்டிப் போனால், அங்கே பெரும்பாலான பள்ளிகளில் மூன்றரை மணி வாக்கிலேயே அஸர் பாங்கு கேட்டுவிடும்.

சூரியன் ஒன்றுதான். தொழுகை ஒன்றுதான். அப்போ ஒரு மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருது?

செல்போனில் தொழுகை நேர ஆப் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆப்பைத் திறந்ததுமே ஹனஃபியா, ஷாஃபியா என்று ஒரு கேள்வி வரும். பலர் அப்பா என்ன செய்தாரோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர்தான் இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் அஷ்ஷாஃபி. கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாள்வது என்பதற்கே விதிமுறை எழுதியவர் அவர்.

முதலில், மத்ஹபு என்றால் என்ன?

குர்ஆனும் நபிகள் நாயகத்தின் வழிமுறையும் எல்லா முஸ்லிம்களுக்கும் பொது. ஆனால் அவற்றில் இருந்து அன்றாட வாழ்க்கைக்குச் சட்டம் எடுக்கும் முறையில் அறிஞர்களிடையே வித்தியாசம் உண்டு. அப்படி உருவான சட்ட வழிமுறைகளைத்தான் மத்ஹபு என்கிறார்கள். சன்னி முஸ்லிம்களிடம் நான்கு மத்ஹபுகள் நிலைத்திருக்கின்றன: ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி. இவை நான்கு தனித்தனி மதங்களோ, சாதிகளோ இல்லை. ஒரே சட்டப் புத்தகத்தை நான்கு நீதிபதிகள் வாசித்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரைபடமே போடலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி வழிமுறை. கேரளா, இலங்கை, மலேசியா, இந்தோனேசியா எல்லாமே பெரும்பாலும் ஷாஃபிதான். கடல் வழியாக வந்த அரபு வணிகர்களோடு வந்த வழிமுறை அது.

உள்நாட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் ராவுத்தர் குடும்பங்களும், தக்னி உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபி. டெல்லி, ஆற்காடு, மைசூர் என்று தரைவழியாக வந்த அரசுகளோடும் படைகளோடும் பரவியது இந்த வழிமுறை. சேலம் பகுதியே 1792-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை ஹைதர் அலி, திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது.

அந்த அஸர் கணக்கு இதுதான். ஒரு குச்சியை நட்டு வையுங்கள். உச்சி நேர நிழலைக் கழித்துவிட்டு, குச்சியின் உயரத்துக்குச் சமமாக நிழல் வந்தால் அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி கணக்கு. இரண்டு மடங்கு வந்தால்தான் அஸர் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் பிரபலமான கருத்து. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சேலத்தில் உச்சி வெயிலில் நிழலே கிட்டத்தட்ட இருக்காது. அப்போது முதல் கணக்குப்படி சுமார் 3.20-க்கும், இரண்டாவது கணக்குப்படி சுமார் 4.35-க்கும் அஸர் தொடங்கும்.

யார் இந்த ஷாஃபி?

ஹிஜ்ரி 150, அதாவது கி.பி. 767. ஈராக்கில் இமாம் அபூ ஹனீஃபா மறைந்த அதே ஆண்டில் ஷாஃபி பிறந்தார். பெரும்பாலான வரலாற்று நூல்கள் சொல்லும் பிறந்த ஊர், பாலஸ்தீனத்தின் காஸா. நபிகள் நாயகத்தின் குறைஷிக் குலத்தைச் சேர்ந்த குடும்பம். பரம்பரை பெரிது, கையில் காசு இல்லை. குழந்தைப் பருவத்திலேயே தந்தை இறந்துவிட்டார்.

கணவரை இழந்த தாய், பிள்ளை தன் குலத்தாரோடு வளரட்டும் என்று மக்காவுக்கு அழைத்துப் போனார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர உதவியதால் ஆசிரியர் சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லப்படுகிறது. எழுதக் காகிதம் கிடைக்காமல் எலும்புத் துண்டுகளிலும், அரசு அலுவலகத்தில் வீணான தாள்களின் பின்பக்கத்திலும் எழுதிப் படித்தார்.

ஏழு வயதில் குர்ஆனை மனப்பாடம் செய்துவிட்டார் என்கின்றன அவரைப் பற்றிய நூல்கள். பிறகு பாலைவனத்தில் ஹுதைல் என்ற பழங்குடியினரோடு தங்கி சுத்தமான அரபியும் கவிதையும் கற்றார். அம்பு எய்வதில் பெரிய கெட்டிக்காரர். மொழிப்பயிற்சிதான் பின்னாளில் அவரது பெரிய ஆயுதம். ஒரு வசனத்தில் ஒரு சொல் பொதுவாகச் சொல்லப்பட்டதா, குறிப்பிட்ட ஆட்களுக்கா என்று பிரித்துப் பார்க்க மொழி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மதீனாவில் ஒரு குரு

அந்தக் காலத்தில் மதீனாவின் பெரிய அறிஞர் இமாம் மாலிக். அவருடைய முவத்தா என்ற நூல் ஹதீஸும் சட்டமும் கலந்தது. இளைஞர் ஷாஃபி அந்த நூலையே மனப்பாடம் செய்துகொண்டு மாலிக்கிடம் போய்ச் சேர்ந்தார். கி.பி. 795-ல் மாலிக் மறையும்வரை அவரிடம் படித்தார்.

மாலிக்கைப் பற்றி ஒரு செய்தி உண்டு. முவத்தாவையே பேரரசு முழுவதற்கும் ஒரே சட்டமாக ஆக்கிவிடலாமா என்று அப்பாஸிய கலீஃபா கேட்டபோது, மாலிக் ஒப்புக்கொள்ளவில்லை. நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள், ஒவ்வொரு ஊரும் தன்னிடம் வந்த அறிவின்படி நடக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம் என்பது அவர் வாதம். தன் புத்தகமே நாட்டின் சட்டமாகும் வாய்ப்பை வேண்டாம் என்ற குருவிடம் படித்தவர் ஷாஃபி.

சங்கிலியோடு ஒரு பயணம்

மாலிக் மறைந்த பிறகு ஷாஃபிக்கு யமன் பக்கம் அரசு வேலை கிடைத்தது. அங்கேதான் சிக்கல். நபிகளின் மருமகன் அலீயின் வழித்தோன்றல்களுக்கு ஆதரவாகக் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டதாக ஒரு குழுவின் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பட்டியலில் ஷாஃபியின் பெயரும் சேர்ந்துவிட்டது.

கி.பி. 800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சங்கிலியால் கட்டப்பட்டு கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் முன்னால் அவர் நிறுத்தப்பட்டார். இடம், இன்றைய சிரியாவில் உள்ள ரக்கா. கூடக் கொண்டுவரப்பட்டவர்கள் உயிர் தப்பவில்லை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஷாஃபியின் வாதத் திறமையும், அரசவையில் நீதிபதியாக இருந்த முஹம்மது அல் ஷைபானியின் பரிந்துரையும் அவரைக் காப்பாற்றின.

இந்த ஷைபானி யார் தெரியுமா? இமாம் அபூ ஹனீஃபாவின் முக்கிய மாணவர். ஹனஃபி மத்ஹபை நூல் வடிவில் எழுதி வைத்தவர். இன்று சேலத்தில் பின்பற்றப்படும் வழிமுறை அவர் எழுத்துகள் வழியாகத்தான் உலகுக்கு வந்தது. உயிர் தப்பிய ஷாஃபி அவரிடமே மாணவராக உட்கார்ந்தார். அவரது நூல்களைப் பிரதி எடுத்துப் படித்தார், அவரோடு வாதமும் செய்தார்.

இன்னொரு விஷயம். அஸர் நேர விஷயத்தில் இந்த ஷைபானியும், அபூ ஹனீஃபாவின் இன்னொரு மாணவர் அபூ யூசுஃபும் தங்கள் குருவிடம் இருந்து மாறுபட்டு, ஒரு மடங்கு நிழல் என்ற பக்கம்தான் நின்றார்கள். அதாவது, ஹனஃபி மத்ஹபுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருக்கிறது.

இரண்டு அணிகள், நடுவில் ஒருவர்

அன்றைக்கு இஸ்லாமியச் சட்ட உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மதீனா பக்கம் ஹதீஸுக்கும் ஊர் நடைமுறைக்கும் முக்கியத்துவம். ஈராக் பக்கம் பகுத்தறிந்து சட்டம் எடுப்பதற்கு முக்கியத்துவம். இவர்கள் அவர்களைப் பார்த்து, ஹதீஸை விட்டுவிட்டு சொந்த அபிப்பிராயத்தில் பேசுகிறார்கள் என்றார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து, அறிவிப்பை ஒப்பிக்கத் தெரியும், அலசத் தெரியாது என்றார்கள்.

இரண்டு பக்கமும் படித்தவர் ஷாஃபி. பிரச்சினை எங்கே என்று அவருக்குப் புரிந்தது. விதிமுறை இல்லாமல் விளையாட்டு நடக்கிறது. யார் எதை ஆதாரமாகக் காட்டலாம், எது முதலில், எது பிறகு என்று பொது ஒப்பந்தம் இல்லை. விதி இல்லாத வாதம் சண்டையில்தான் முடியும்.

அர்ரிஸாலா: அவர் போட்ட நான்கு படிகள்

ஹதீஸ் அறிஞர் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தி கேட்டுக்கொண்டதற்காக ஷாஃபி எழுதிய நூல் அர்ரிஸாலா. சட்டம் எடுக்கும் முறையைப் பற்றியே எழுதப்பட்டு நம் கைக்கு வந்த மிகப் பழைய நூல் இது. உஸூலுல் ஃபிக்ஹ் என்ற துறைக்கு அடித்தளம். அதன் சாரத்தை நான்கு படிகளாகச் சொல்லலாம்:

1. குர்ஆன்: முதல் ஆதாரம்.
2. சுன்னா: நபிகளின் வழிமுறை. அது ஊர் வழக்கம் என்பதால் மட்டும் ஏற்கப்படாது. நம்பகமான அறிவிப்பாளர் தொடரோடு நபிகள்வரை போய்ச் சேர வேண்டும்.
3. இஜ்மா: சமுதாயத்தின் ஒருமித்த கருத்து.
4. கியாஸ்: நேரடியாகச் சொல்லப்படாத புது விஷயத்தை, ஏற்கெனவே தீர்ப்பு உள்ள ஒத்த விஷயத்தோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது.

மேல்படியில் விடை இருந்தால் கீழ்ப்படிக்கு இறங்கக் கூடாது. மனசுக்குச் சரி என்று படுவதை மட்டும் வைத்துச் சட்டம் சொல்லக் கூடாது. ஹதீஸ் அணிக்கு அவர் தந்த பாடம், அலசிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. பகுத்தறிவு அணிக்குத் தந்த பாடம், உங்கள் அலசலுக்கும் ஒரு கயிறு வேண்டும் என்பது.

திசை தெரியாதவன் எப்படித் தொழுவான்?

அர்ரிஸாலாவில் அவர் எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம் மிக எளிமையானது. மக்கா பள்ளிக்குள் இருப்பவருக்குக் கஅபா கண்ணெதிரே தெரியும். அவர் தவறாகத் திரும்ப வாய்ப்பில்லை. தூரத்தில் இருப்பவர்? நட்சத்திரம், மலை, காற்று, சூரியன் என்று கிடைத்த அடையாளங்களை வைத்துத்தான் திசையைக் கணிக்க வேண்டும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் இருந்து கிப்லா என்பது மேற்கில் கொஞ்சம் வடக்காகச் சாய்ந்த திசை. திசைகாட்டி இல்லாத ஒரு மேகமூட்ட நாளில் இரண்டு பேர் ஏற்காட்டு மலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வெவ்வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள் என்றால்?

ஷாஃபியின் பதில்: இருவரும் தங்களால் முடிந்த முயற்சியைச் செய்துவிட்டார்கள். வெளியே தெரிந்த அடையாளப்படி நடப்பதுதான் அவர்கள் மீதான கடமை. அதை நிறைவேற்றிவிட்டார்கள். மறைவான உண்மை இறைவனுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று மனிதன் மீது சுமத்தப்படவில்லை.

இங்கிருந்துதான் அவர் கருத்து வேறுபாட்டை இரண்டாகப் பிரித்தார். தெளிவான ஆதாரம் உள்ள இடத்தில் மாறுபடுவது கூடாது. பல பொருள் கொள்ள இடம் இருக்கும் இடத்தில், அல்லது ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மாறுபட்டால் அதை அவர் அப்படிக் கண்டிக்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு இதில் மன்னிப்பு கிடையாது. அடையாளத்தைத் தேடாமல் மனம்போன திசையில் திரும்பியவன் தற்செயலாகச் சரியான பக்கம் நின்றாலும், அது முயற்சி ஆகாது.

எகிப்தில் மாற்றிக்கொண்ட மனசு

ஷாஃபி பாக்தாதில் பாடம் நடத்தியபோது அவரிடம் படித்தவர்களில் ஒருவர் அஹ்மத் இப்னு ஹன்பல். ஆமாம், நான்காவது மத்ஹபின் இமாம். கணக்குப் பாருங்கள். இரண்டாவது மத்ஹபின் இமாம் ஷாஃபிக்குக் குரு. முதல் மத்ஹபின் முக்கிய மாணவரும் அவருக்குக் குரு. நான்காவது மத்ஹபின் இமாம் அவருக்கு மாணவர். நான்கு வழிகளும் ஒருவரிடம் ஒருவர் உட்கார்ந்து படித்தவர்கள் போட்ட பாதைகள்தான்.

பாக்தாதில் அபூ ஹனீஃபாவின் அடக்கஸ்தலம் அருகே சுபுஹு தொழுதபோது, தன் வழக்கமான குனூத்தை ஷாஃபி ஓதாமல் விட்டார் என்ற செய்தி மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அங்கே அடங்கியிருப்பவர் சுபுஹில் குனூத் ஓதும் கருத்துடையவர் அல்ல. அவருக்குத் தரும் மரியாதை அது என்பது விளக்கம்.

கி.பி. 814-15 வாக்கில் அவர் எகிப்துக்குப் போனார். அங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஈராக்கில் தான் சொன்ன பல தீர்ப்புகளை மறு ஆய்வு செய்து மாற்றினார். அர்ரிஸாலாவையும் திருத்தி எழுதினார். இன்று நம்மிடம் இருப்பது அந்த எகிப்துப் பிரதிதான். ஈராக்கில் சொன்னதைப் பழைய கருத்து, எகிப்தில் சொன்னதைப் புதிய கருத்து என்று ஷாஃபி நூல்கள் இன்றும் பிரித்தே எழுதுகின்றன. தன் கருத்துக்கு எதிராக நம்பகமான ஹதீஸ் கிடைத்தால் தன் கருத்தை விட்டுவிட வேண்டும் என்றும் மாணவர்களிடம் சொல்லி வைத்தார்.

ஆனால் குருவையே விமர்சித்து எழுதியது எகிப்தில் மாலிக்கின் ஆதரவாளர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களில் சிலர் அவரைத் தாக்கினார்கள் என்றும் சில நூல்கள் சொல்கின்றன. ஏற்கெனவே மூல நோயால் ரத்தம் போய் உடல் பலவீனம். கி.பி. 820 ஜனவரியில், ஃபுஸ்தாத் நகரில், ஐம்பத்து மூன்று வயதுவாக்கில் காலமானார். இன்றைய கெய்ரோவில் உள்ள அவர் அடக்கஸ்தலத்தின் மீது 1211-ல் அய்யூபி சுல்தான் அல் காமில் பெரிய குவிமாடம் எழுப்பினார். உச்சியில் ஒரு சின்னப் படகு இருக்கும். நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2021-ல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

அவருக்குப் பிறகு எல்லாம் சுமுகமா?

இல்லை. ஈரானின் நிஷாபூர் நகரில் ஹனஃபி, ஷாஃபி கோஷ்டிகளின் மோதல் நகரத்தையே சீரழித்தது. மக்கா பள்ளியிலேயே நான்கு மத்ஹபுக்கும் தனித்தனி இமாம், தனித்தனி ஜமாஅத் என்று பல நூற்றாண்டுகள் நடந்தது. 1920-களில்தான் அது ஒரே ஜமாஅத் ஆனது.

நல்ல முயற்சிகளும் இருந்தன. 1265-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், நான்கு மத்ஹபுக்கும் தலா ஒரு தலைமை நீதிபதியை நியமித்தார். நம் காலத்தில், 2005-ல் ஜோர்டானின் அம்மான் நகரில் கூடிய அறிஞர்கள் சன்னி, ஷியா, இபாதி உட்பட எட்டுச் சட்ட வழிமுறைகளை அங்கீகரித்து, அவற்றைப் பின்பற்றுபவர்களை மதத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று யாரும் தீர்ப்பளிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள்.

இந்தியாவில் ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பிரச்சினை

இதெல்லாம் ஹஸ்ரத்மார்கள் பேசும் விஷயம், நமக்கென்ன என்று தோணலாம். 1930-களில் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள்.

கணவன் காணாமல் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா தெரியாது. செலவுக்குப் பணமும் இல்லை. அந்தப் பெண் என்ன செய்வாள்? இந்தியாவில் பெரும்பான்மையான ஹனஃபி சட்டத்தில் அவளுக்கு வெளியே வர வழியே கிட்டத்தட்ட இல்லை. கணவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும் காலம்வரை காத்திருக்க வேண்டிய நிலை. வேறு வழியில்லாமல், திருமணத்தை முறிப்பதற்காகவே மதத்தை விட்டு வெளியேறிய பெண்கள் உண்டு.

ஹனஃபி அறிஞரான அஷ்ரஃப் அலீ தானவி மாலிகி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, இந்த விஷயத்தில் மாலிகி சட்டத்தைப் பின்பற்றலாம் என்று ஒரு நூல் எழுதினார். தன் மத்ஹபில் கதவு மூடியிருந்தால், பக்கத்து மத்ஹபின் கதவு வழியாகப் போகலாம் என்பதுதான் சாரம். அந்த வழியில் வந்ததுதான் 1939-ம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் 4 ஆண்டுகள் எங்கிருக்கிறான் என்று தெரியாவிட்டாலோ, 2 ஆண்டுகள் பராமரிக்காவிட்டாலோ, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கேட்கலாம். சேலம், நாமக்கல் நீதிமன்றங்களிலும் இந்தச் சட்டம்தான்.

காணாமல் போன கணவன் விஷயத்தில் ஷாஃபியின் புதிய கருத்தும் கடுமையானதுதான். மரணம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அது. நான்கு ஆண்டு என்பது அவர் குரு மாலிக்கின் கணக்கு. ஷாஃபியின் பழைய கருத்தும் அதுவே. அதாவது எந்த ஒரு மத்ஹபிடமும் எல்லாக் கேள்விக்கும் வசதியான பதில் இல்லை. நான்கும் பக்கத்தில் பக்கத்தில் உயிரோடு இருந்ததால்தான் அந்தப் பெண்களுக்கு வழி கிடைத்தது.

இன்றைக்கு நம்ம ஊரில்

வேலூர் பாகியாத் அரபிக் கல்லூரி இதற்கு நல்ல உதாரணம். ஹனஃபிகள் அதிகமுள்ள உள்நாட்டு நகரில் இருக்கும் அங்கே படித்து, பாகவி பட்டத்தோடு ஊர் திரும்பிய கேரள ஷாஃபி ஆலிம்கள் ஏராளம்.

வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் கடலோர ஊர்களில் இருந்து சேலத்துக்கு வந்து குடியேறியவர்கள் ஹனஃபி இமாமின் பின்னால்தான் தொழுகிறார்கள். ஒருவர் ஆமீன் சத்தமாகச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்வார். ஒருவர் ருகூவுக்குப் போகும்போது கையை உயர்த்துவார், இன்னொருவர் உயர்த்த மாட்டார். தொழுகை முடிந்ததும் இருவரும் ஸலாம் சொல்லிக் கை கொடுப்பார்கள். ஆனால் இதே விஷயங்களுக்காக வாக்குவாதம் முற்றி, பள்ளியே இரண்டாகப் பிரிந்த ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஷாஃபி எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர முயலவில்லை. எதை வைத்து வாதாடலாம், எங்கே மாறுபடலாம், மாறுபட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்ற விதியைத்தான் எழுதி வைத்தார். அடுத்த முறை செல்போன் ஆப் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, இரண்டு பதிலுக்குப் பின்னாலும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த ஒரு குருவும் ஒரு மாணவரும் இருந்தார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

சுருக்கமாக:

• கி.பி. 767: ஷாஃபி பிறப்பு, அபூ ஹனீஃபா மறைவு
• 795: குரு மாலிக் மறைவு
• 800-ஐ ஒட்டி: ரக்காவில் விசாரணை, ஷைபானியிடம் கல்வி
• 814-15: எகிப்து பயணம், அர்ரிஸாலா திருத்தம்
• 820: ஃபுஸ்தாத்தில் மறைவு
• 1939: மாலிகி கருத்தைத் தழுவி இந்தியாவில் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம்